ஜவுபர் காக்காவும் மூச்சுவிடாத தாங்கியும்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு, கல்முனைக்குடிப் பெண்கள் ஒரு படகு நிறைய ஏறி ஒலுவில் துறையிலிருந்து கடலுக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்ப வந்த ஆண்களில் பலர் கையசைக்கக்கூட மறந்து நின்றார்கள். வீட்டில் சோறு போடுகிறவள் கடலுக்குப் போகிறாள் என்பதை அவர்கள் அந்த நிமிடத்தில்தான் நம்பத் தொடங்கியிருந்தார்கள். ஜவுபர் காக்கா மட்டும் சந்தோஷமாகக் கையசைத்தார். பெரிய கடமை ஒன்றைச் செய்து முடித்த முகம். உயர்த்திய கையின் விரல்களில், காய்ந்த வெள்ளைப் பசை.

அந்தப் பசையைப் பூசுகிற இனத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வாசகரே, நாட்டில் தவிசாளர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார், பணிப்பாளர் இருக்கிறார். இவர்களையெல்லாம் யாரோ தெரிவு செய்கிறார்கள், அல்லது தெரிவு செய்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் எந்தக் கூட்டமும் தெரிவு செய்யாமல், எந்த நியமனமும் கிடைக்காமல், ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் தானாகவே பதவியேற்றுக்கொள்ளும் ஒருவர் உண்டு. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அடைப்பாளர். ஓரிடத்தில் நாற்றம் எழுந்தால் அது எதிலிருந்து வருகிறது என்று அவர் கேட்கமாட்டார். எந்த வழியாக வருகிறது என்று மட்டும் கேட்பார். வழி தெரிந்ததும் அடைப்பார். அடைத்ததும் இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு, "முடிஞ்சிது" என்பார்.

முடியுமா?

நான் சில வருடம் தூரத்துக் கடல்களில் உல்லாசப் பயணிகளின் படகுகளில் வேலை செய்துவிட்டு வந்தவள். இந்த இனத்தைப் போன துறைமுகமெல்லாம் கண்டிருக்கிறேன். தொப்பி போட்டவர்களும் உண்டு, கழுத்துப்பட்டி கட்டியவர்களும் உண்டு. ஆனால் சகல இலட்சணங்களும் ஓர் உடம்பில் கூடிய அடைப்பாளரைப் பார்க்க நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவர் என் பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, ஜவுபர் காக்கா.

காக்காவுக்குப் பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை. கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் வந்தால் சிலிக்கன் பசை கொடுப்பார். குழாய் சொட்டுகிறது என்று வந்தால் அதே பசை. பக்கத்து வீட்டுக்காரன் அத்திவாரம் தோண்டியதில் என் சுவர் வெடித்துவிட்டது என்று கொதித்துக்கொண்டு வருகிறவருக்கும் அதே பசைதான், கூடவே ஒரு புத்திமதியும்: "வெடிப்பப் பூசுங்க. அவரோட கதைக்கப் போக வேணாம்." சுவர் பூசப்படும். அத்திவாரம் தொடர்ந்து தோண்டப்படும். மூன்றாம் மாதம் அந்த மனிதர் இன்னும் பெரிய பசைக் குழல் கேட்டு வருவார்.

அடைப்பாளருக்கு மூக்கு மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மந்தமான மூக்குக்காரர் இந்தப் பதவிக்கு வரவே முடியாது. ஊரில் எல்லோருக்கும் முன்னால் நாற்றத்தைக் கண்டுபிடிக்கிறவர் அவர்தான். காக்காவின் வீட்டு முன்னறையில், சீலிங்குக்கு மேல் எலி ஒன்று செத்துவிட்டது. முதலில் மூக்கைச் சுளித்தவர் அவர். உடனே எழுந்து செயற்பட்டவரும் அவர். ஏணி எடுத்தாரா? இல்லை. அறைக் கதவைச் சாத்தினார், கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயைச் சுருட்டி வைத்தார், கதிரைகளை விறாந்தைக்கு மாற்றினார். வந்தவர்கள் கேட்டால், "உள்ளுக்குப் பெயின்ற் அடிக்க இரிக்கி" என்றார். அந்த வருடம் முழுக்க அந்த அறைக்குப் பெயின்ற் அடிக்க இருந்தது.

மகன் றுமைஸ் உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டபோதும் இதே மருந்துதான். பெறுபேறு இன்னும் வரவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னார். றுமைசுக்குப் பின்னால் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் பெறுபேறும் வந்தது, அவர்கள் பல்கலைக்கழகமும் போய்விட்டார்கள். றுமைசின் பெறுபேறு மட்டும் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. பையன் இதற்கிடையில் தொலைபேசி திருத்தப் பழகி அக்கரைப்பற்றில் கடை போட்டுவிட்டான். அதையும் காக்கா யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பழைய கேள்வி வெளியே வந்துவிடும் அல்லவா?

இப்போது படகுக்கு வருவோம்.

படகு காக்காவினுடையதல்ல. அவருடைய தங்கை, எனக்கு அக்கா முறையான முஸ்பிறா ராத்தாவினுடையது. ராத்தா தையல் வகுப்பு நடத்தியவர். தையல் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்த பெண்களிடம் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டாராம், எத்தனை பேர் கடலுக்குள் போய் நம்முடைய ஊரைத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள் என்று. ஒருவரும் இல்லை. அலைச் சத்தத்தில் பிறந்து, கடல் மீனில் வளர்ந்து, கடற்காரர்களைக் கல்யாணம் முடித்தவர்கள். ஒருவர்கூடப் போனதில்லை. யாராவது தடுத்தார்களா? ஒருவரும் தடுக்கவில்லை. அப்படியானால் ஏன்? எல்லோரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தி சொல்லிவிட்டாள்: "போனா, ஒண்டுக்கு வந்தா எங்க போற?"

அவ்வளவுதான் காரணம். ஆண்களுக்கு முழுக் கடலும் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு கதவும் ஒரு கொளுக்கியும் தேவை.

ராத்தா தையல் வகுப்பை மூடினார். மெஷின்களை விற்று, நகையையும் விற்று, பழைய பலநாள் மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கினார். மீன் வைக்கும் ஐஸ் அறை இருந்த இடத்தில் அழகான சிறிய கழிவறை கட்டுவித்தார். கதவு, கொளுக்கி, தண்ணீர் வாளி, கோப்பை, கண்ணாடி, எல்லாம் இருந்தன. படகு வேலை தெரிந்த என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படகை ஓட்ட யாகோப்பு அண்ணனைப் பிடித்தார். கடலைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காத மனிதர் என்று அவருடைய மனைவியே குறை சொல்லுவார். பெண்கள் படகுக்கு அதைவிட நல்ல தகுதி எது? லுஹருக்குப் பிறகு புறப்பாடு, படகிலேயே பின்னேர அஸர் தொழுகை, பொழுதுபட்டு வரும் மஃரிபுக்கு முன் கரை. இது நடந்தால் ராத்தாவின் வாழ்க்கை கடலில். நடக்காவிட்டால் படகு மறுபடி மீனுக்குப் போகும், ராத்தா யாரோ ஒருவருடைய மெஷினில் கூலிக்குத் தைப்பார்.

கழிவறைக்குக் கீழே ஒரு தாங்கி. கழிவைக் கடலில் விடக்கூடாது என்பதால் அது அங்கே சேரும். கரைக்கு வந்ததும் பவுசர் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். தாங்கியிலிருந்து ஒரு காற்றுக் குழாய் புறப்பட்டுப் படகின் முன்பக்கத் துவாரம் ஒன்றில் முடியும். அந்தக் குழாய் எதற்கு? கழிவு நிரம்பும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், பவுசர் உறிஞ்சும்போது வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் காற்று கிடைத்தால் பெருகும், நாற்றமில்லாமல் தன் வேலையைப் பார்க்கும். மற்றக் கூட்டம் காற்றில்லாத இடத்தில் பெருகும். கூழ்முட்டை நாற்றம் அதன் கைவண்ணம். எது பெருக வேண்டும் என்பது நம்முடைய குழாயில் இருக்கிறது. அகலமாக, நேராக, படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால் ஒரு பக்கத்தால் காற்று நுழைந்து மறுபக்கத்தால் போய்விடும். எங்கள் படகிலோ ஒரேயொரு குழாய். பெருவிரல் மொத்தம். அதுவும் இரண்டு இடத்தில் வளைந்தது.

ஒத்திகைக்காக வேலையாட்களோடு கடலில் சுற்றிய நாட்களிலேயே லேசாக மணக்கத் தொடங்கிவிட்டது. முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"புள்ள, இந்த ஓட்டையாலதான் வருது."

"ஓம் காக்கா. உள்ளுக்குக் காத்துக் காணாது. இதப் பெருசாக்கி, அந்தப் பக்கமும் ஒண்டு போடுவம்."

காக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு ஓட்டைக்கே இந்த நாத்தம். ரெண்டு போட்டா ரெட்டிப்பா வருமா, இல்லயா?"

இந்தத் தர்க்கத்தின் அழகை ஒரு நிமிடம் நின்று இரசியுங்கள். அங்கே நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். முஸ்பிறா ராத்தாகூட ஆட்டினார். நுண்ணுயிர்களின் இரண்டு கூட்டங்களையும் அவற்றின் குணநலன்களையும் நான் நீளமாக விளக்கினேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காணாமற்போன ஆட்டுக்குட்டியைப் பற்றிய அறிவித்தலைக் கேட்பது போல காக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய ஆட்டுக்குட்டி அல்ல.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பக்கமும் ஒரு வழக்கு இருந்தது. எங்கள் கடலில் நின்று மக்காவின் திசையான கிப்லாவை நோக்கினால் முகம் கரைப் பக்கம் இருக்கும். அஸருக்காகப் படகைக் கரை பார்த்து நிறுத்துவார்கள், பெண்கள் மேல்தட்டில் வரிசையாக நிற்பார்கள். அது கச்சான் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். காற்றுக் குழாயின் துவாரமோ படகின் முன்பக்கம். அந்தக் காற்று எங்கே போகும்?

"நஜீஸ்ட காத்து தொழுகிற ஆக்கள்ட மூஞ்சியில அடிக்கிறயா? எனக்கு அத யோசிச்சா நித்திர வருதில்ல" என்றார் காக்கா. நஜீஸ் என்றால் தொழுகைக்கு ஆகாத அசுத்தம்.

உண்மையாகவே கவலைப்பட்டார். அடைப்பாளர்கள் கெட்டவர்கள் அல்ல. கெட்டவர்களாக இருந்தால் அவர்களை எவ்வளவு இலகுவாகச் சமாளித்துவிடலாம். காற்று தாராளமாகப் போய்வந்தால் அந்த நாற்றமே பிறக்காது, வேண்டுமானால் இரண்டு குழாயையும் தலைக்கு மேல் உயரமாக நிறுத்தலாம் என்று கெஞ்சினேன். காக்கா கேட்டார். "ஓம்" என்று சம்மதித்தார்.

வாசகரே, அடைப்பாளர் சொல்லும் ஓமை ஒருநாளும் நம்பாதீர்கள். அது உங்கள் வாய்க்கு அவர் வைக்கும் மூடி.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. கழிவறைக்குள் கார்களில் தொங்கும் வாசனை அட்டை தொங்கியது. மூலைகளில் பூச்சி உருண்டை. சுவரில் அத்தர். பாதியாக வெட்டிய எலுமிச்சம்பழங்கள் வாளியில் மிதந்தன. துவாரத்துக்குள் ஒரு பழந்துணியைச் செருகினார். நாற்றம் கூடியது. துணியை மொத்தமாக்கினார். இன்னும் கூடியது. இதிலிருந்து அவர் பெற்ற பாடம், துணி காணாது என்பது. ஒரு பின்னேரம் சாம்பிராணிச் சட்டியோடு தாங்கியின் மூடியைத் திறக்கப் போனவரை நான் குறுக்கே விழுந்து மறித்தேன். உள்ளே சேர்ந்திருக்கும் வாயு தீப்பிடிக்கும் என்றேன்.

"சாம்பிராணிக்குமா?" என்றார். சாம்பிராணியை அவமதித்துவிட்டேன் என்ற வருத்தம் குரலில் தெரிந்தது.

இப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியற்காலையில் காக்கா தனியாகத் துறைக்குப் போயிருக்கிறார். துணியை எடுத்துவிட்டு, துவாரத்துக்குள் விரல் போகுமட்டும் பசையை நிரப்பி, காய்ந்ததும் மேலே ஒரு தரம் பூசி, அதற்கு மேல் படகின் நீல நிறப் பெயின்றையும் அடித்துவிட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. அன்பினால் செய்த வேலை. தங்கையின் முதல் பயணம் அல்லவா?

படகில் மிக முக்கியமான பயணி சபியா உம்மா. எங்கள் பகுதி மாதர் சங்கத்தின் தலைவி. அவர் "நல்லம்" என்றால் பாதி ஊர் வரும், "சே" என்றால் மீதி ஊரும் வராது. ராத்தா அவருக்கு யன்னலோர இருக்கை கொடுத்து, இஞ்சித் தேநீர் கொடுத்து, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மணித்தியாலம் சொர்க்கம். கரை சிறுத்துக்கொண்டே போக, பெண்கள் தங்கள் ஊரைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அந்தா பெரிய பள்ளி, இந்தா எங்கட ஒழுங்கை, அது யாரிட மொட்டை மாடி, உடுப்பெடுக்காமல் வந்திட்டாளே. நிந்தவூரில் வாழ்க்கைப்பட்ட புதுப்பெண் ஆதிலா தன் மாமியார் வீட்டுத் தென்னை மரத்தைக்கூட அடையாளம் காட்டினாள். சபியா உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர் தன் வேலையைக் காட்டியது. தேவைப்பட்டவர்கள் போனார்கள். தேவைப்படாதவர்களும் கடலுக்கு நடுவில் ஒரு கதவு கொளுக்கி போட்டிருக்கும் அதிசயத்தைப் பார்ப்பதற்காகப் போனார்கள்.

இந்தக் கழிவறையில் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு கைப்பிடியை மேலும் கீழும் அடிக்க வேண்டும். அப்போதுதான் கழிவு தாங்கிக்குப் போகும். ஒவ்வொருவராக வெளியே வர, கைப்பிடி இறுகுகிறது என்ற முறைப்பாடும் வந்தது. முதலில் வந்தவர் ஒரு கையால் அடித்தார். பிறகு வந்தவர் இரண்டு கையால். ஆதிலாவின் முறை வந்தபோது, வெளியே வரிசை நிற்கிறது என்ற வெட்கத்தில் அவள் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தியிருக்கிறாள். கைப்பிடி கீழே போனது. ஒரு கணம் நின்றது. பிறகு, தானாகவே மேலே வந்தது.

தாங்கி ஏப்பம் விட்டது. அதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒத்திகை நாட்களிலிருந்து மூடி வைத்த அத்தனையும், கோடை வெயிலில் பொங்கிப் பெருகிய அத்தனையும், கிடைத்த ஒரே வழியால் திரும்பி வந்தன. ஆதிலா வெளியே வந்தபோது அவளுடைய கல்யாணத்துக்குத் தைத்த அபாயா முழங்கால் வரை வேறு நிறத்தில் இருந்தது. படகில் இருந்த எல்லோருடைய கையும் மூக்கில்.

நான் முன்பக்கம் ஓடி எட்டிப் பார்த்தேன். துவாரம் இருந்த இடத்தில் வழவழப்பான நீலம். யாகோப்பு அண்ணனின் மீன் கத்தியால் சுரண்டினேன். பசை அசையவில்லை. காக்காவின் கடையில் மட்டமான சாமான் கிடையாது. யாகோப்பு அண்ணன் சுக்கானை விடாமல் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இத அடைச்சவர் மனச் சுத்தியான ஆள். ரெண்டு தரம் பூசியிரிக்கார்" என்றார். அதோடு படகைத் திருப்பினார்.

அஸரைப் பெண்கள் ஒலுவில் மணலில் தொழுதார்கள். சபியா உம்மா ஒன்றும் சொல்லாமல் வாகனத்தில் ஏறினார். ஆதிலா ராத்தாவின் மாற்றுடுப்பில் அழுதுகொண்டு போனாள். துறையில் காத்திருந்த காக்கா ஆவலோடு வந்து கேட்டார்:

"வெளிய மணம் வந்திச்சா?"

"வெளிய வரல்ல காக்கா" என்றார் முஸ்பிறா ராத்தா.

"அல்ஹம்துலில்லாஹ்."

அடைப்பாளரின் கதை இத்தோடு முடிவதில்லை. விஷயம் விளங்கியதும் அவர் செய்த முதல் காரியம், மறுநாள் நாங்கள் துறைக்குப் போவதற்கு முன்பே யாருக்கும் தெரியாமல் பவுசரை வரவழைத்தது. வேலை சத்தமில்லாமல் முடிய வேண்டும் என்று பார்த்தார். பவுசர் உறிஞ்சத் தொடங்கியது. உள்ளே போகக் காற்றுக்கு வழி எங்கே? வாயில் வைத்து உறிஞ்சிய பிளாஸ்ரிக் போத்தல் ஒடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தாங்கி அப்படி ஒடுங்கி, ஓரத்தில் வெடித்தும் விட்டது. காக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மட்டமான டாங்கி" என்று தீர்ப்பளித்தார். புதிய தாங்கி கொழும்பிலிருந்து வரும்வரை படகு அசையாது.

அதோடு நிற்கவில்லை. இனி அடைக்க வேண்டியது கதையை. அன்று பின்னேரம் எங்களைக் கூட்டி வைத்து உத்தரவு போட்டார். "ஆர் கேட்டாலும் கடல் சரியில்ல எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் கதைக்கத் தேவல்ல." ராத்தா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். படகில் இருந்த அத்தனை பெண்களும் ஆட்டினார்கள். இப்படி ஒரு விஷயத்தை யார் வெளியே சொல்லுவார்?

அந்த வாரம் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல் கிடந்தது. சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்று வரை கடற்கரையில் காற்று வாங்கிய அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கடல் சரியாக இருக்கிறது, ஆனால் கடல் சரியில்லை என்கிறார்கள். அப்படியானால் உள்ளே என்ன? ஊர் புளிக்கத் தொடங்கியது. முதலில் யாரோ விழுந்துவிட்டதாகக் கதை வந்தது. பிறகு சுறா வந்தது. அதற்குப் பிறகு ஜின். கடைசியில் எல்லாவற்றையும்விட மோசமானது வந்தது: திரும்பி வந்தபோது அந்த நிந்தவூர் மருமகள் வேறு உடுப்பில் இருந்தாளாம், அழுதாளாம், அந்தப் படகில் அவளுக்கு என்ன நடந்ததாம்? படகில் ஆண் ஒருவர் இருந்தார் என்பதும் ஊருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாகோப்பு அண்ணன் இரண்டு நாள் சந்தைப் பக்கம் போகவில்லை. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆதிலாவின் மாமியார் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பி, விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாராம்.

ராத்தா என்னிடம் வந்து குந்தினார். படகை மீன்காரர்களுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். "படகு போனாப் போகுது. அந்தப் புள்ளட வாழ்க்க என்னால நாறுதே" என்றார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். காக்காவின் பேர் கெடுமே என்றார். பாருங்கள், எவ்வளவு கவனமாக அடைத்திருக்கிறார்.

வழி திறந்தவர் சபியா உம்மா. நிந்தவூரில் ஒரு வலீமா, கல்யாண விருந்து. பெண்கள் பகுதியில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி அறுவர் அறுவராக உட்கார்ந்திருந்தார்கள். ஆதிலாவின் மாமியாரும் இருந்தார். பேச்சு மெதுவாகப் படகின் பக்கம் திரும்பியது. உடனே தணிந்தது. சபியா உம்மா இங்கிதம் தெரிந்தவர். வட்டிலப்பம் வந்து, கடைசிக் கரண்டியும் முடிந்து, எல்லோரும் கை கழுவும்வரை பொறுத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கடலுக்கு ஒண்டும் நடக்கல்ல. ஜின்னும் வரல்ல, சுறாவும் வரல்ல. ஜவுபர் பீ டாங்கிக்கு மூச்செடுக்க விடல்ல. அது எங்கட மேல மூச்சு விட்டிட்டு. அவ்வளவுதான்."

அவர் எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகி, ஆதிலா அந்தக் கைப்பிடியை எப்படி அழுத்தினாள், அது எப்படித் தானாக எழும்பி வந்தது, கதவைத் திறந்து அவள் எப்படி நின்றாள் என்று செய்து காட்டினார். முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. படகில் வந்தவர்கள் தங்கள் தங்கள் பங்கைச் சொல்லத் தொடங்கினார்கள், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. ஆதிலாவின் மாமியார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, பின்னேரமே போய்ப் புள்ளையைக் கூட்டி வரவேண்டும் என்றார். அடுத்த மூச்சில், "மறுகா எப்ப போற? என்னயும் கூட்டிப் போங்க" என்றார்.

ஊருக்கு முழுக் கதையும் தெரிந்தது. மூன்று நாள் சிரித்தது. நாலாம் நாள் வேறு வேலைக்குப் போனது. காற்றுப் பட்ட நாற்றம் அவ்வளவுதான் நிற்கும். ராத்தாவின் தொலைபேசி ஓயவில்லை. ஆனால் சபியா உம்மா ஒரு நிபந்தனை போட்டார்: ரெண்டு பக்கமும் ரெண்டு ஓட்டை போட்டால்தான் ஏறுவேன். ஜவுபர் காக்கா சபையில் எல்லோருக்கும் முன்னால், அந்த வேலையை நானே நின்று செய்விக்கிறேன் என்று பொறுப்பெடுத்தார். "ஓம்" என்று மட்டும் சொல்லவில்லை, சத்தியமும் பண்ணினார். புதிய தாங்கி வந்து சேரக் கச்சான் காலம் முடிந்துவிட்டது. மாரிக் கடலுக்குப் பயந்து படகைக் கரையில் ஏற்றினார்கள். எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காத வியாதி. வேலை கிடைத்தது, புறப்பட்டுவிட்டேன்.

இனி உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் ஜவுபர் காக்காவைப் பார்த்துச் சிரித்தீர்கள், உங்கள் மாமாவையோ அலுவலக மேலாளரையோ நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் "ஒரு விஷயம் கதைக்க வேணும்" என்று தொடங்கியபோது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியது யார்? குளியலறை மணந்தபோது யன்னலைத் திறந்தீர்களா, அல்லது கதவைச் சாத்தினீர்களா? இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது யாராவது அருகில் வந்தார்கள் என்று பீ டாங்கி வந்த வரியை விரலால் மறைத்தீர்களா? அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பீர்கள். நல்ல காரணமாகவும் இருக்கும். காக்காவினுடையது அதைவிட நல்ல காரணம்.

மாரி தொடங்கி வெகுநாள் கழித்து, வேறொரு கடலில் ஒரு காலை, ஜவுபர் காக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படமும் செய்தியும் வந்தன. படத்தில் படகின் இரு புறமும் இரண்டு குழாய்கள், அகலமாக, நேராக, தலைக்கு மேல் உயர்ந்து நின்றன. செய்தி இது:

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு குழாயும் போட்டாச்சு. நல்ல மொத்தக் குழாய், நம்மட கடைச் சாமான். நோன்புப் பெருநாளைக்கு சபியா உம்மா ஆக்கள் முதல் பயணம் போறாங்க, துஆச் செய்யுங்க. இஞ்ச நல்ல மழ. தண்ணி உள்ளுக்குப் போயிரும் எண்டு ரெண்டுக்கும் மூடி போட்டு, பசையும் பூசி, நல்லா இறுக்கி வெச்சிரிக்கன்."